சிப்பாய் வீட்டுத் தொட்டில்

தாய் யார் என்பதற்கு ஊரே சாட்சி. பிரசவம் பார்த்த மருத்துவச்சி சாட்சி. வெந்நீர் வைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி சாட்சி. தந்தை யார் என்பதற்கோ ஒரே ஒரு சாட்சிதான் உண்டு. அந்தச் சாட்சி தாய். அவள் சொல்லை நம்பித்தான் உலகத்தில் அப்பாக்கள் எல்லாரும் அப்பாக்களாக இருக்கிறார்கள். சாயங்காலம் ஆபீஸ் விட்டு வீடு திரும்புகிற கணவன் இதைப் பற்றி ஒரு நாளும் யோசிப்பதில்லை. யோசிக்க வேண்டிய அவசியமும் அவனுக்கு இல்லை.

ஆனால் புறப்பட்டுப் போனால் வீடு திரும்ப மாதக் கணக்கும் வருஷக் கணக்கும் ஆகிற கணவன் ஒருவன் இருக்கிறான். அவன்தான் பட்டாளத்துச் சிப்பாய். ‘உங்களுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது’ என்ற செய்தி அவனுக்குக் கடுதாசியில்தான் வரும். சந்தோஷப்படுவதற்கு முன்னால் அவன் விரலை மடக்கி எண்ணிப் பார்க்க நேர்ந்தால், அதைவிடக் கொடுமை வேறு என்ன இருக்கிறது?

வேறொருவனுக்குப் பிறந்த குழந்தையை ‘உன்னுடையது’ என்று ஒரு மனிதனை நம்ப வைப்பதற்குச் சட்ட நிபுணர்கள் இன்று ‘தந்தைமை மோசடி’ என்று பெயர் சூட்டியிருக்கிறார்கள். ‘சீச்சீ, இது அக்கம்பக்கத்தில் கிசுகிசுக்கிற சமாசாரம், குடும்பப் பத்திரிகையில் எழுதலாமா?’ என்று சில சகோதரிகள் முகம் சுளிக்கக் கூடும். கிசுகிசுப்பாகவே இருந்துவிட்டதுதான் இதிலுள்ள ஆபத்து. தப்புச் செய்தவர்களைக் காட்டிலும் தப்புச் செய்யாதவர்களையே இந்த விஷயம் அதிகமாக வாட்டியிருக்கிறது. எப்படி என்று பார்ப்போம்.

யுத்தம் முடிந்த பிறகு

1945-ஆம் வருஷம். ஐரோப்பாவில் மே மாதமும், கிழக்கே ஆகஸ்டு மாதமும் பீரங்கிகள் ஓய்ந்தன. வட ஆப்பிரிக்காவின் மணலிலும், இத்தாலியின் சேற்றிலும், பர்மாவின் காட்டிலும் கிடந்த பிரிட்டிஷ் சிப்பாய்கள் கப்பல் கப்பலாக ஊர் திரும்பினார்கள். அவர்களில் பலர் மனைவியின் முகத்தைப் பார்த்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சிலருக்கு நாலு வருஷம்கூட ஆகியிருந்தது.

அந்த நாலு வருஷமும் ஊரில் இருந்த மனைவி சும்மா இருந்தாளா? இல்லை. இரவில் குண்டு விழுந்தது. பகலில் அவள் வெடிமருந்துத் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போனாள். பெண்களையும் கட்டாய சேவைக்கு அழைக்கும் சட்டம் 1941 டிசம்பரிலேயே வந்துவிட்டது. ரேஷன் கடையில் வரிசை, வீட்டில் இருட்டு, கணவனிடமிருந்து வாரக் கணக்கில் கடுதாசி இல்லை, அவன் உயிரோடு இருக்கிறானா என்பதே நிச்சயமில்லை. தெருவிலோ அமெரிக்கா, கனடா, போலந்து என்று பல தேசத்துச் சிப்பாய்கள். இவற்றையெல்லாம் தப்புக்குச் சமாதானமாகச் சொல்லவில்லை. நடந்ததைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அந்த இருட்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இங்கிலாந்திலும் வேல்ஸிலும் திருமண பந்தத்துக்கு வெளியே பிறந்ததாகப் பதிவான குழந்தைகள் 1939-ல் சுமார் 26,000. 1945-ல் அந்தத் தொகை 60,000-ஐத் தாண்டிவிட்டது. இதைப் பார்த்து ‘கலி முற்றிவிட்டது’ என்று கன்னத்தில் போட்டுக்கொண்டவர்கள் உண்டு. ஆனால் அவசரப்படக் கூடாது. சாதாரண காலமாயிருந்தால் குழந்தை பிறப்பதற்குள் மோதிரம் மாற்றிக் கொண்டிருக்கக் கூடிய ஜோடிகள் அவர்களில் ஏராளம். காதலன் திடீரென்று கப்பலேறிவிட்டான். அல்லது செத்தே போய்விட்டான். கல்யாணம் நின்றது, குழந்தை நிற்கவில்லை.

அப்படியும் உறுத்துகிற கணக்கு ஒன்று உண்டு. பர்மிங்ஹாம் நகரத்தில், யுத்தத்தின் கடைசிக் கட்டத்தில், அத்தகைய குழந்தைகளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குத் தாயார் கல்யாணமான பெண்கள்!

பட்டாளத்து அதிகாரிகளுக்கு இது வெறும் குடும்ப விவகாரமாக இருக்கவில்லை. ஊரிலிருந்து ஒரு மொட்டைக் கடுதாசி வந்தால் போதும். அன்றிரவு காவல் நிற்கிறவனுடைய கண் எதிரியின் மேல் இருக்காது. ஆகவே 1942-ல் பிரிட்டிஷ் ராணுவம் சிப்பாய்களுக்கென்று சட்ட உதவித் திட்டம் ஒன்றை ஆரம்பித்தது. 1885 முதல் சிப்பாய்களின் குடும்பங்களைக் கவனித்து வந்த ஒரு சங்கத்தின் தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று விசாரித்தார்கள். முடிந்த இடத்தில் சமாதானம் செய்து வைத்தார்கள். முடியாத இடங்கள் எத்தனை என்பதைக் கோர்ட்டுக் கணக்கு சொல்லும். 1938-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் விவாகரத்துத் தீர்ப்புகள் 6,000 சொச்சம். 1947-ல் 60,000. அவசரக் கல்யாணங்களும், நீண்ட பிரிவும், தளர்த்தப்பட்ட சட்டமும் சேர்ந்து செய்த வேலை இது. அந்தக் குவியலுக்குள் தொட்டிலைப் பார்த்துத் திகைத்து நின்ற சிப்பாய்களும் இருந்தார்கள்.

நாலு கடலுக்குள்

திகைத்து நின்ற சிப்பாய் கோர்ட்டுக்குப் போனால் என்ன நடக்கும்? இங்கேதான் நமக்கும் திகைப்பு ஏற்படுகிறது.

பழைய ஆங்கிலச் சட்டத்தில் விசித்திரமான விதி ஒன்று இருந்தது. கணவன் ‘நாலு கடலுக்குள்’ இருந்தால், அதாவது அரசனுடைய ராஜ்யத்துக்குள் எங்கேயாவது இருந்தால், மனைவி பெற்ற குழந்தை அவனுடையதுதான். அவன் வடக்குக் கோடியிலும் அவள் தெற்குக் கோடியிலும் இருந்தாலும் சரி, கேள்வி கேட்கக் கூடாது. கருத்தரித்திருக்கக் கூடிய காலம் முழுவதும் அவன் கடல் கடந்து போயிருந்தால் மட்டுமே ‘என்னுடையது அல்ல’ என்று சொல்லலாம். கடல் கடந்து போகிறவர்கள் யார்? மாலுமிகள், வியாபாரிகள், சிப்பாய்கள். ஊரிலேயே இருந்தவனுக்கு இல்லாத ஒரு வழி அவர்களுக்கு மட்டும் இருந்தது!

1732-ல் கோர்ட்டார் இந்த நாலு கடல் விதியைக் கைவிட்டார்கள். அதற்குப் பதில், கணவனும் மனைவியும் நெருங்கியிருக்கச் சந்தர்ப்பம் இருந்ததா, இல்லையா என்று பார்த்தார்கள். ஆனால் 1777-ல் லார்டு மான்ஸ்பீல்டு என்ற பெரிய நீதிபதி வேறொரு பூட்டைப் போட்டார். குழந்தையின் பிறப்புக்குக் களங்கம் உண்டாக்கும்படியாகக் கணவனும் சாட்சி சொல்லக் கூடாது, மனைவியும் சாட்சி சொல்லக் கூடாது என்றார். 1924-ல் பிரபுக்கள் சபை இதை உறுதிப்படுத்தியது. ஒரு சிப்பாய் கூண்டில் ஏறி, ‘ஐயா, அப்போது நான் வீட்டிலேயே இல்லை’ என்று தன் வாயால் சொன்னால் செல்லாது. வேறு யாராவது வந்து சொல்ல வேண்டும். அல்லது பட்டாளத்து ரிகார்டு சொல்ல வேண்டும். யுத்தம் முடிந்து நாலு வருஷம் கழித்து, 1949-ல்தான் இந்தப் பூட்டை ஒரு சட்டம் திறந்தது.

எண்ணிக்கைத் தகராறு இன்னும் வேடிக்கையானது. 1921-ல் ஒரு சிப்பாய் விவாகரத்துக் கேட்டு லண்டன் கோர்ட்டுக்கு வந்தான். அவன் வெளிநாட்டுப் போர்முனைக்குப் புறப்பட்ட நாளுக்கும் குழந்தை பிறந்த நாளுக்கும் இடையே 331 நாள் ஆகியிருந்தது. மனைவி, ‘நான் எந்தத் தப்பும் செய்யவில்லை’ என்று உறுதியாகச் சொன்னாள். வைத்திய நிபுணர்கள், ‘வழக்கத்துக்கு மாறானது; ஆனால் நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டோம்’ என்றார்கள். சிப்பாயின் மனு தள்ளுபடி ஆயிற்று. 1940-களின் கடைசியில் வேறொரு கணவனுக்கு 349 நாள் ஆகியும் கோர்ட் இரங்கவில்லை. அதற்குச் சிறிது காலம் கழித்துப் பிரபுக்கள் சபை வரை சென்ற மற்றொரு வழக்கில் 360 நாள். அப்போதுதான் ‘இது ஆகாது’ என்று பிரபுக்கள் தலையசைத்தார்கள்.

ஜட்ஜுகளுக்குக் கணக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். அவர்கள் தராசின் ஒரு தட்டில் கணவனுடைய மானத்தை வைத்தார்கள். மற்றொரு தட்டில் பேசத் தெரியாத குழந்தையை வைத்தார்கள். ‘தகப்பன் பேர் தெரியாதது’ என்று ஊர் சொல்கிற குழந்தைக்கு அந்த நாளில் சொத்து இல்லை, அந்தஸ்து இல்லை. ஆகவே சந்தேகத்தின் பலன் முழுவதையும் குழந்தைக்கே கொடுத்தார்கள். அதற்கான விலையைக் கொடுத்தவன், ஊரில் இல்லாமல் போன மனிதன்.

இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. மூன்று வருஷம் பர்மாவில் கிடந்தவனை யாரும் ஏமாற்ற முடியாது. வாசற்படியில் கால் வைத்ததுமே அவனுக்குத் தெரிந்துவிடும். உண்மையில் ஏமாற்றக் கூடியவன், உள்நாட்டு முகாமில் இருந்துகொண்டு இரண்டு நாள் லீவில் வீட்டுக்கு வந்து போனவன்தான். அந்த இரண்டு நாள் சட்டத்துக்கும் போதும். சந்தேகத்தை மறைக்கவும் போதும். தூரத்தில் இருந்தவனுக்கு உண்மை தெரிந்தது, பரிகாரம் கிடைப்பது கடினமாயிருந்தது. பக்கத்தில் இருந்தவனுக்கு உண்மையே தெரியவில்லை!

தொட்டிலில் கிடந்தது யார்?

கணவனைப் பற்றிப் பேசினோம். குழந்தையின் கதி என்ன?

தப்பை ஒப்புக்கொண்ட சில பெண்கள், கணவன் வருவதற்குள் குழந்தையைத் தத்துக் கொடுத்துவிட நினைத்தார்கள். அங்கும் சட்டம் குறுக்கே நின்றது. கல்யாணமானவள் பெற்ற குழந்தைக்குத் தகப்பன் அவளுடைய கணவன் என்று சட்டம் கருதியது. எனவே தத்துப் பத்திரத்துக்கு அவனுடைய சம்மதமும் வேண்டும். யாரிடமிருந்து மறைக்க வேண்டுமோ, அவனிடமே கையெழுத்துக் கேட்டு எழுத வேண்டும்! அந்தக் கடுதாசியை எழுத உட்கார்ந்த பெண்ணின் மனநிலையையும், அதைக் கூடாரத்தில் லாந்தர் வெளிச்சத்தில் பிரித்துப் படித்த மனிதனின் மனநிலையையும் எண்ணிப் பாருங்கள்.

மறைக்க வழியே இல்லாத தொட்டில்களும் இருந்தன. பிரிட்டனில் தங்கிய கறுப்பு அமெரிக்கச் சிப்பாய்களுக்கும் வெள்ளைக்காரப் பெண்களுக்கும் சுமார் 2,000 குழந்தைகள் பிறந்ததாக மதிப்பிடுகிறார்கள். குழந்தையின் நிறமே சாட்சி சொல்லிவிட்டது. கல்யாணமான தாய்மார் பலர் அந்தக் குழந்தைகளை விடுதிகளில் விட நேர்ந்தது. சோமர்செட் ஜில்லாவில் ஹால்னிகோட் மாளிகை என்ற இடத்தில் அப்படிப்பட்ட குழந்தைகளை வைத்து வளர்த்தார்கள். அம்மா எங்கே என்று கேட்டுக்கொண்டே வளர்ந்த குழந்தைகள் அவர்கள்.

வேறு விதமான வீடுகளும் இருந்தன என்பதையும் சொல்ல வேண்டும். ‘யுத்தம் எத்தனையோ பேரைக் கொன்றது, இது ஒன்றாவது பிழைத்து வந்ததே’ என்கிற மாதிரி, எல்லாம் தெரிந்தே குழந்தையைத் தூக்கிக்கொண்ட கணவர்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றிய கணக்கு எந்தக் கோர்ட்டிலும் இல்லை. அவர்கள் கோர்ட்டுக்கே போகவில்லை அல்லவா? தெரிந்து ஏற்றுக்கொண்டவன் ஏமாந்தவன் அல்ல. இந்த வித்தியாசத்தை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம் பேசுகிறது

இந்தச் சிக்கலுக்குள் விஞ்ஞானம் மெல்ல நுழைந்தது. 1901-ல் வியன்னா நகரத்து டாக்டர் கார்ல் லாண்ட்ஸ்டைனர் மனித ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று காட்டினார். இந்தப் பிரிவுகள் பெற்றோரிடமிருந்து குழந்தைக்கு வருகின்றன என்பதும் பின்னால் தெரிந்தது. அப்பா, அம்மா இருவரும் ‘ஓ’ பிரிவானால் குழந்தையும் ‘ஓ’. அப்பா ‘ஓ’ பிரிவாயிருந்து குழந்தை ‘ஏபி’ ஆனால் கணக்கு உதைக்கும். ஆனால் இந்தப் பரிட்சை ‘இவன் தகப்பன் அல்ல’ என்று சில சமயம் சொல்லுமே தவிர, ‘இவன்தான் தகப்பன்’ என்று சொல்லாது.

ரத்தப் பிரிவுச் சீட்டை வைத்துக்கொண்டு வீட்டில் விசாரணை நடத்துகிறவர்களுக்கு நம் பம்பாய் நகரமே ஒரு பாடம் சொல்லியிருக்கிறது. 1952-ல் டாக்டர் பேண்டேயும் அவருடைய சகாக்களும் அங்கே ஒரு புதிய ரத்த வகையைக் கண்டுபிடித்தார்கள். ‘பம்பாய் ரத்தம்’ என்றே அதற்குப் பெயர். நம் தேசத்தில் சுமார் 10,000 பேரில் ஒருவருக்கு அது இருக்கலாம். சாதாரணச் சோதனையில் ‘ஓ’ மாதிரியே தெரியும். உள்ளே ‘ஏ’யோ ‘பி’யோ ஒளிந்திருக்கும். அந்தத் தகப்பனுக்கு ‘பி’ பிரிவில் குழந்தை பிறந்தால், தாய் ஒரு பாவமும் அறியாதவளாயிருந்தும் குடும்பம் சந்தி சிரிக்கும். பரிசோதனைச் சீட்டில் எழுதுகிறவர் தவறி எழுதுவதும் உண்டு. ஒரு சீட்டை நம்பி ஒரு பெண்ணைத் தள்ளி வைக்கலாமா?

1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் லெஸ்டர் பல்கலைக்கழகத்தில் அலெக் ஜெப்ரீஸ் என்ற விஞ்ஞானி டி.என்.ஏ. அடையாளம் காணும் முறையைக் கண்டுபிடித்தார். ஒவ்வொருவருடைய டி.என்.ஏ.யிலும் பாதி தாய் கொடுத்தது, பாதி தந்தை கொடுத்தது. குழந்தையின் அடையாளங்களில் தாயினுடையதைக் கழித்துவிட்டால், மிச்சம் தந்தையினுடையதாக இருந்தே தீர வேண்டும். ‘அல்ல’ என்பதோடு நிற்காமல் ‘ஆம்’ என்றும் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் நிச்சயத்தோடு சொல்ல முடிந்தது.

இந்தக் கண்டுபிடிப்பு முதல் முதலில் யாருக்கு உதவியது தெரியுமா? சந்தேகப்பட்ட கணவனுக்கு அல்ல. சந்தேகிக்கப்பட்ட ஒரு தாய்க்கு. 1985-ல் கானா தேசத்திலிருந்து இங்கிலாந்துக்குத் திரும்பிய ஒரு பையனை, ‘இவன் இந்த அம்மாளின் மகன்தானா?’ என்று குடியேற்ற அதிகாரிகள் மடக்கினார்கள். டி.என்.ஏ. சோதனை, ‘அவள் பெற்ற பிள்ளைதான்’ என்று சொல்லிற்று. ஒரு தாயின் சொல் மெய்யென்று நின்றது.

சந்தேகம் என்னும் நோய்

இனி நேயர்களுக்கு மிகவும் உபயோகமான விஷயத்துக்கு வருவோம். ஏமாற்றுவது எவ்வளவு உண்மையோ, அவ்வளவு உண்மை வீண் சந்தேகமும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

‘பத்துக் குழந்தையில் ஒன்று அப்பாவுக்குப் பிறந்ததல்ல’ என்று சிலர் பொறுப்பில்லாமல் பேசுகிறார்கள். பெல்ஜியத்தில் லூவன் பல்கலைக்கழகத்து ஆராய்ச்சியாளர்கள் சுமார் 500 வருஷத்து வம்ச விவரங்களையும் டி.என்.ஏ.யையும் ஒப்பிட்டு 2019-ல் வெளியிட்ட முடிவு வேறு. ஒவ்வொரு தலைமுறையிலும் நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டுதான். சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், ஜன நெருக்கம் மிகுந்த நகரங்களின் ஏழைகள் நடுவே மட்டும் அது ஆறு வரை ஏறியிருக்கிறது. இதற்கு முன்பே, 2006-ல், ஓர் அமெரிக்க ஆராய்ச்சியாளர் பல நாட்டு விவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். சந்தேகப்பட்டுச் சோதனைக்கு வந்த ஆண்களில் சுமார் 30 சதவிகிதம் பேருக்குச் சந்தேகம் மெய்யாயிற்று. அப்படியானால் மிச்சம் 70? நெஞ்சைப் புண்ணாக்கிக்கொண்டு வந்தவர்களிலேயே பத்தில் ஏழு பேருடைய மனைவிமார் மாசற்றவர்கள்!

சிப்பாய்க் குடும்பங்களில் வீண் சந்தேகம் முளைப்பதற்குச் சுலபமான காரணம் ஒன்று இருக்கிறது. அது டாக்டருடைய கணக்கு. மனைவிக்கு ‘பத்து வாரம்’ என்று ஆஸ்பத்திரிச் சீட்டில் எழுதியிருக்கும். கணவனோ எட்டு வாரத்துக்கு முன்னால்தான் லீவில் வந்தான். ‘என் லீவுக்கு முன்னாலேயே இரண்டு வாரமா?’ என்று அவனுக்குத் திக்கென்கிறது. உண்மை என்ன? டாக்டர்கள் கர்ப்பத்தைக் கரு உண்டான நாளிலிருந்து எண்ணுவதில்லை. கடைசியாக வீட்டுக்கு விலக்கான முதல் நாளிலிருந்து எண்ணுகிறார்கள். கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே டாக்டரின் பத்து வாரமும் கணவனின் எட்டு வாரமும் ஒன்றேதான். டாக்டர் சொல்லும் 280 நாளும் அப்படி எண்ணியதுதான். கரு உண்டான நாளிலிருந்து பார்த்தால் சுமார் 266 நாள். சில வாரம் முந்திப் பிறக்கிற குழந்தையும் உண்டு. பிந்திப் பிறக்கிற குழந்தையும் உண்டு. பட்டாளத்தில் பிள்ளையை வைத்திருக்கிற மாமியார்மார்கள் இந்த ஒரு கணக்கைத் தெரிந்துகொண்டால் போதும், பல வீடுகளில் விளக்கு அணையாமல் இருக்கும்.

நம் சட்டம் என்ன சொல்கிறது?

இங்கிலாந்தின் பழைய கொள்கையையே வெள்ளைக்கார சர்க்கார் 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 112-ஆவது பிரிவாக இங்கே எழுதி வைத்தார்கள். 2024 ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய சாட்சிய அதிநியமத்தில் அது 116-ஆவது பிரிவாக அப்படியே தொடருகிறது. திருமணம் நிலைத்திருக்கும்போது பிறந்த குழந்தை அந்தக் கணவனுடையதுதான். திருமணம் முறிந்து 280 நாளுக்குள், தாய் மறுமணம் செய்துகொள்ளாமல் இருக்கையில் பிறந்தாலும் அப்படியே. கருத்தரித்திருக்கக் கூடிய காலத்தில் இருவரும் நெருங்கச் சந்தர்ப்பமே இல்லை என்று நிரூபித்தால்தான் விலக்கு.

சிப்பாய்க்கு இந்த விலக்கில்தான் உயிர் இருக்கிறது. லீவு சர்டிபிகேட்டும் பட்டாளத்து ரிகார்டும் அவனுக்கு சாட்சி. ஆனால் லீவில் ஒரு முறை வந்து போயிருந்தால் ‘சந்தர்ப்பம்’ இருந்ததாகிவிடும். நாம் முன்பு பார்த்த இரண்டு நாள் லீவுக்காரனின் நிலைதான்.

டி.என்.ஏ. வந்த பிறகுமா இப்படி என்று கேட்கலாம். சுப்ரீம் கோர்ட் இந்தக் கேள்வியோடு பல வருஷமாக மல்லாடியிருக்கிறது. சந்தர்ப்பம் இருந்தது என்றால், டி.என்.ஏ. முடிவு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு குழந்தையைத் தகப்பனற்றதாக்க முடியாது என்று 2001-ல் சொல்லிற்று. ஏற்கெனவே செய்து முடித்த சோதனை ஒரு மனிதர் தகப்பன் அல்ல என்று தெளிவாகக் காட்டும்போது, அவர் தலையில் அந்தப் பொறுப்பைச் சுமத்துவது நியாயமல்ல என்று 2014-ல் சொல்லிற்று. புருஷன் பெண்சாதி சண்டையில் எடுத்ததற்கெல்லாம் குழந்தையை ரத்தச் சோதனைக்கு இழுக்கக் கூடாது, குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு என்று 2023-ல் சொல்லிற்று. மூன்றும் முரண்பாடு போலத் தோன்றும். ஆனால் மூன்றுக்கும் அடியில் ஒரே கவலைதான். உண்மையைக் கொல்லவும் கூடாது. குழந்தையை நொறுக்கவும் கூடாது.

பட்டாளத்தாருக்கென்று தனியான சில பாதுகாப்புகளும் உண்டு. எல்லையில் நிற்கிறவன் ஊர்க் கோர்ட்டில் ஆஜராக முடியாது என்பதை உணர்ந்து, போர்க் காலம் போன்ற விசேஷ நிலைமைகளில் பணி புரியும் சிப்பாயின் மேலுள்ள சிவில் வழக்குகளை நிறுத்தி வைக்க 1925-லேயே இந்தியச் சிப்பாய்கள் வழக்குச் சட்டம் இயற்றப்பட்டது. அமெரிக்காவிலும் 1940-ல் இதே நோக்கத்தோடு ஒரு சட்டம் வந்தது. 2003-ல் அது புதுப்பிக்கப்பட்டது. அங்கே ‘இந்தக் குழந்தைக்கு நீதான் தகப்பன், ஜீவனாம்சம் கட்டு’ என்று கடல் கடந்திருக்கும் சிப்பாய்மேல் அவன் இல்லாமலே தீர்ப்பு வாங்கிவிடும் அபாயம் உண்டு. ஆகையால் எதிர்வாதி பட்டாளத்தில் இருக்கிறானா என்று முதலில் கோர்ட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். இருந்தால் அவனுக்கு வக்கீல் நியமிக்க வேண்டும். அவன் கேட்டு, பணியின் காரணமாக வர இயலாது என்று காட்டினால், குறைந்தது 90 நாள் வழக்கை ஒத்திப் போட வேண்டும்.

இன்னொரு சமாசாரம். 2018 செப்டம்பரில் சுப்ரீம் கோர்ட், பிறன்மனை நாடுவதைக் கிரிமினல் குற்றமாக்கிய 497-ஆவது பிரிவை ரத்துச் செய்தது. பட்டாளத்து அதிகாரிகள் கவலைப்பட்டார்கள். குடும்பத்தை முகாமில் விட்டுவிட்டு எல்லைக்குப் போகிறவனுக்கு மனநிம்மதி வேண்டாமா என்று சர்க்கார் தரப்பில் வாதித்தார்கள். அந்தத் தீர்ப்பு ராணுவச் சட்டங்களைக் கட்டுப்படுத்தாது என்று 2023 ஜனவரி 31-ஆம் தேதி சுப்ரீம் கோர்ட் விளக்கியது. தன் சகாவின் வீட்டில் விளையாடுகிறவன்மேல் பட்டாளம் இன்றும் நடவடிக்கை எடுக்கலாம்.

யாருக்கு உண்மை வேண்டும்?

சட்டமும் விஞ்ஞானமும் ஒரு பக்கம் இருக்கட்டும். வீட்டுக்குள் நாம் என்ன செய்வது?

இந்த நாளில் ரகசியம் தங்காது. சிறு குழாயில் எச்சிலைத் துப்பித் தபாலில் அனுப்பினால் வம்சாவளியே வந்து விழுகிறது. யுத்த காலத்தில் பிறந்து, அப்பாவின் செல்லமாக வளர்ந்து, பேரன் பேத்தி எடுத்துவிட்ட முதியவர்கள்கூட மேல் நாடுகளில் இந்தச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு விக்கித்து நிற்கிறார்கள். அம்மாவைக் கேட்கலாம் என்றால் அவள் இல்லை. அப்பாவிடம், ‘உனக்குத் தெரியுமா?’ என்று கேட்கலாம் என்றால் அவரும் இல்லை. அவர்களுக்குக் கிடைத்த உண்மை, யாருக்கும் பிரயோஜனமில்லாத வேளையில் கிடைத்த உண்மை.

குழந்தைக்கு ஓர் அப்பா வேண்டும். அது அதன் உரிமை. வளர்த்தவனுக்கு உண்மை வேண்டும். அது அவன் உரிமை. முதலாவதைக் காப்பாற்றுவதற்காக இரண்டாவதை மறைப்பது தர்மம் என்று பலர் எண்ணியிருக்கிறார்கள். ஆனால் தெரிந்து ஏற்றுக்கொண்ட அந்தச் சில சிப்பாய்களை நினைத்துப் பாருங்கள். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக் காப்பாற்ற முடியும் என்று அவர்கள் காட்டினார்கள். அது அவர்களுக்கு முடிந்ததற்குக் காரணம், யாரோ ஒரு பெண் நடுங்கிக்கொண்டே உண்மையைச் சொன்னதுதான். அவனைத் தேர்ந்தெடுக்க விட்டாள். மோசடி என்பது அந்தத் தேர்வை ஒருவனிடமிருந்து பறித்துக்கொள்வது.

அதே மாதிரி, கணவன்மார்களுக்கும் அவர்களைப் பெற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை. மொட்டைக் கடுதாசியை அடுப்பில் போடுங்கள். வாரக் கணக்கில் குழப்பம் வந்தால் டாக்டரைக் கேளுங்கள். அப்புறமும் மனம் ஆறாவிட்டால், முதலில் கேட்க வேண்டிய இடம் சோதனைச் சாலையும் அல்ல, சொந்தக்காரர்கள் கூடிய முற்றமும் அல்ல. கதவைச் சாத்திக்கொண்டு மனைவியைக் கேளுங்கள். கேட்கிற குரலில் தீர்ப்பு கலந்திருக்கக் கூடாது. எது எப்படியானாலும், யார் எங்கே தவறியிருந்தாலும், தொட்டிலில் கிடக்கிறதே அந்த ஜீவன், அது யாரையும் ஏமாற்றவில்லை. அதன் காதில் விழும்படி எந்தச் சண்டையும் வேண்டாம்.